கணக்கில் 5,400 ரூபா இடித்தால் அது தோல்வியா?

மட்டக்களப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் எழுதியதன் சுருக்கம் இதுதான். ஏ.எல். கொமர்ஸ் முடித்து ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் தொழில்முறைப் பாடநெறி படித்துக்கொண்டிருக்கிறார். கொழும்பில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நேர்முகம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். போனதும், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், கம்ப்யூட்டருக்கு முன்னால் இருத்தி 90 நிமிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு வங்கி இணக்கக் கூற்று (வங்கியின் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டுகிற தாள்), ஒரு சம்பளப் பட்டியல், ஒரு எக்செல் கோப்பு. இணக்கக் கூற்றில் கடைசிவரை 5,400 ரூபா இடித்தது, அதாவது இரண்டு பக்கமும் பொருந்தாமல் அவ்வளவு வித்தியாசம் வந்தது. அதைத் தேடியே நேரம் போய்விட்டது, எக்செல் கோப்பைத் திறக்கவே இல்லை. எட்டு நாளாகப் பதிலும் இல்லை. "இப்படிச் சோதிப்பது சரியா? நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? அடுத்த வாரம் கொள்ளுப்பிட்டியில் இன்னொரு இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நான் திருகோணமலையிலிருந்து 2006இல் கொழும்புக்கு வந்தவள். நீங்கள் இருந்த அந்தக் கதிரையில் நானும் இருந்திருக்கிறேன். இப்போது பதினொரு வருடமாக, அந்தத் தாளைத் தயாரித்துத் திருத்துகிற பக்கத்தில் இருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்த 5,400. அதை வைத்தே ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கில் இடிக்கிற தொகை தன்னைப் பற்றித் தானே நிறையச் சொல்லும். 5,400 இடித்தால் நான் முதலில் பார்ப்பது, வங்கிக் கூற்றிலோ காசேட்டிலோ (நிறுவனம் தன் காசு வரவு செலவை எழுதுகிற ஏடு) 5,400 என்றே ஒரு பதிவு இருக்கிறதா என்று. இருந்தால் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். இல்லாவிட்டால் பாதியைத் தேடுவேன்: 2,700. பற்றில் போக வேண்டியது வரவில் போயிருந்தால், அல்லது கூட்ட வேண்டியதைக் கழித்திருந்தால், தொகை இரண்டு மடங்காகத்தான் இடிக்கும். நீங்கள் வங்கிக் கட்டணத்தையோ தேறாத வைப்பையோ (வங்கியில் போட்டும் கூற்றில் இன்னும் வராத காசு) மாறிப் போட்டிருக்கக்கூடும்.

இரண்டும் இல்லையென்றால் ஒன்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். 5,400ஐ ஒன்பதால் வகுத்தால் மிச்சமில்லாமல் 600 வருகிறது. ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபடுகிறது என்றால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். 48,200 ரூபாக் காசோலையை 42,800 என்று பதிந்தால் வித்தியாசம் சரியாக 5,400. 6,000 என்று எழுத வேண்டியதில் ஒரு பூச்சியம் விட்டு 600 என்று எழுதினாலும் அதே 5,400தான். இப்படி மூன்று இடத்தில் தேடினால், பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடத்தில் ஆள் பிடிபட்டுவிடும். மேலிருந்து கீழே வரி வரியாக மறுபடி மறுபடி டிக் போட்டுக்கொண்டே போனால் 90 நிமிடமும் போதாது. உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. சோதனைத் தாளில் அந்த இடிப்பு தற்செயலாக வந்ததாக இருக்காது. தாள் தயாரிக்கும்போது நாங்கள் வேண்டுமென்றே சிலதை ஒளித்து வைப்போம். நான் வழக்கமாக வைப்பவை: காசேட்டில் இல்லாத வங்கிக் கட்டணம், வங்கியே மாதா மாதம் தானாகக் கட்டிவிடுகிற நிலையியற் கட்டளை, திரும்பி வந்த ஒரு காசோலை, போன மாதக் கூற்றிலிருந்து தொடர்ந்து வருகிற சமர்ப்பிக்கப்படாத (எழுதிக் கொடுத்தும் வங்கிக்கு இன்னும் வராத) காசோலை, அப்புறம் இலக்கம் மாறிய ஒரு பதிவு. கடைசியில் சொன்னதைப் பாதிப் பேர்தான் கண்டுபிடிப்பார்கள் என்று தெரிந்துதான் வைக்கிறோம்.

அப்படியானால் கண்டுபிடிக்காதவர்களை என்ன செய்கிறோம்? உங்கள் கேள்வியின் உயிரே இதில்தான் இருக்கிறது. திருத்துகிறபோது நான் பார்ப்பது முடித்தாரா இல்லையா என்பதைவிட, இவர் நாளைக்குக் காய்ச்சல் என்று லீவு எடுத்தால் இவருடைய வேலையை இன்னொருவர் அந்த இடத்திலிருந்து தொடர முடியுமா என்பதைத்தான்.

சில வருடத்துக்கு முன் ஒரே நாளில் இரண்டு பேர் ஒரே தாளைச் செய்தார்கள். ஒருவருடைய கூற்று சதம்கூடப் பிசகாமல் சமப்பட்டிருந்தது. வரி வரியாகப் பார்த்தால், வங்கிக் கட்டணம் என்ற பெயரில் கூற்றில் எங்குமே இல்லாத ஒரு தொகை இருந்தது. இடித்த தொகையை அங்கே செருகி மூடியிருக்கிறார். மற்றவருடைய கூற்று சமப்படவில்லை. ஆனால் கீழே நாலு வரி எழுதியிருந்தார்: வித்தியாசம் இவ்வளவு, கூற்றின் முதலாம் பக்கம் முழுவதும் ஒப்பிட்டுவிட்டேன், இரண்டாம் பக்கம் 17ஆம் திகதி வரை சரி, அதற்குப் பிறகு பார்க்க நேரம் போதவில்லை. நான் அந்த இடத்திலிருந்து பார்த்தேன். 19ஆம் திகதியிலேயே பிழை இருந்தது. அவரைத்தான் எடுத்தோம். மற்றவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, பயத்தில் செய்திருப்பார். ஆனால் காசு புழங்குகிற இடத்தில், மூடி மறைத்த சின்னத் தொகை இரண்டு வருடம் கழித்துக் கணக்காய்வில் பெரிய தலையிடியாக வெளியே வரும். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆகவே அடுத்த முறை இடித்தால், பதினைந்து நிமிடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வித்தியாசத்தை ஒளிக்காமல், அது வித்தியாசம் என்று பெயர் போட்டே தனி வரியில் காட்டுங்கள். எதைப் பார்த்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். பரீட்சை மீதி (எல்லாக் கணக்கின் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கிற பட்டியல்) இடித்தால் வித்தியாசத்தைத் தற்காலிகமாகத் தொங்கல் கணக்கில் போடப் படித்திருப்பீர்களே, அதே நேர்மைதான் இங்கேயும். மூன்று வேலையில் ஒன்றைத் திறக்காமலே விட்டது, உங்கள் தாளில் 5,400ஐ விடப் பெரிய குறை. திறந்து பத்து நிமிடம் வேலை செய்திருந்தால்கூட உங்களுக்கு எக்செல் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எக்செல் கோப்பில் என்ன இருந்திருக்கும் என்று ஓரளவு சொல்லலாம். வாடிக்கையாளர் பெயர், கிளை, திகதி, தொகை என்று சில நூறு வரி. மொத்தம் எடுக்கச் சொல்வார்கள், கிளை வாரியாகப் பிரிக்கச் சொல்வார்கள். ஆட்கள் உடனே பிவோட் (தரவைத் தானாக வகை பிரித்துக் கூட்டுகிற அட்டவணை) போட்டு விடையைக் கொடுத்துவிடுகிறார்கள். விடை பிழையாக இருக்கும். ஏனென்றால் கோப்பைப் பார்க்கவில்லை. புறக்கோட்டை என்று ஒரு வரியிலும், அதே புறக்கோட்டைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியோடு இன்னொரு வரியிலும் இருக்கும். எக்செலுக்கு அவை இரண்டும் வேறு வேறு கிளை. தொகை நிரலில் சில எண்கள் கலத்தின் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு, மூலையில் சின்னப் பச்சை முக்கோணத்தோடு நிற்கும். அவை எண் போலத் தெரிகிற எழுத்து. 'சம்' போட்டால் அவை கூட்டுத்தொகையில் சேராது. திகதியிலும் இதே கதைதான்: ஏப்ரல் 3ஆம் திகதி, அமெரிக்க வழக்கில் அமைத்த மெஷினில் மார்ச் 4 ஆகிவிடும்.

எனவே கோப்பு கையில் வந்ததும் எதையும் கணக்கிடுவதற்கு முன் மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 'ட்ரிம்' போட்டு இடைவெளியை நீக்குங்கள். மூலத் தாளை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். ஒரு பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தைக் கொண்டுவருகிற சூத்திரங்களில், வீட்டில் எக்ஸ்லுக்கப் பழகியிருந்தால் வீலுக்கப்பும் பழகிக்கொள்ளுங்கள். பல அலுவலகங்களில் இன்னும் எக்செல் 2016தான் இருக்கிறது, அதில் எக்ஸ்லுக்கப் கிடையாது. வீலுக்கப்பின் கடைசி இடத்தில் 'ஃபால்ஸ்' போட மறக்க வேண்டாம். மறந்தால் அது கிட்டத்தட்டப் பொருந்துகிற ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து தரும், பார்வைக்குச் சரி போலவே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கன்ட்ரோல் எஸ். இதை நான் சும்மா சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒரு பிள்ளை முக்கால் மணித்தியால வேலையை அப்படியே இழந்துபோய் எங்கள் முன்னால் அழுதது. மறுபடி நேரம் கொடுத்தோம், ஆனால் எல்லா இடத்திலும் கொடுப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

சம்பளப் பட்டியலில் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் அநேகமாக ஒன்றுதான். ஈ.பி.எஃப்.இல் (ஊழியர் சேமலாப நிதி) ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிப்பது 8 சதவீதம் மட்டும். முதலாளி தன் கையிலிருந்து போடுவது 12, ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3, அதுவும் முதலாளியுடையது. அடிப்படைச் சம்பளம் 60,000 என்றால் கழிப்பது 4,800. நிறுவனத்தின் செலவாகப் போவது 7,200உம் 1,800உம். ஈ.பி.எஃப்.க்கு அனுப்புகிற காசோலை 12,000. வருகிற தாள்களில் நாலில் ஒன்றிலாவது அந்த 1,800ஐ ஊழியரின் சம்பளத்தில் வெட்டியிருப்பார்கள். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஈ.பி.எஃப். இல்லை, அதையும் மொத்தத்தில் சேர்த்துக் கணக்கிட்டுவிடுவார்கள். சம்பளத்திலிருந்து கழிக்கிற வருமான வரியான ஏபிட்டைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரை வரி இல்லை என்பதால் ஆரம்பநிலைச் சோதனையில் பெரிதாக வராது. வற் (பெறுமதி சேர் வரி) வரும். 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். வரியோடு சேர்த்த விலை 59,000 என்று கொடுத்து வரி எவ்வளவு என்று கேட்டால் 9,000. அந்த 59,000இலேயே 18 சதவீதம் எடுத்து 10,620 என்று எழுதிவிடாதீர்கள், 118இல் 18 பங்கு என்று எடுக்க வேண்டும்.

சரி, இப்படிச் சோதிப்பது நியாயமா என்று கேட்டீர்கள். சோதிப்பது நியாயம். சொல்லாமல் சோதிப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆட்களை வேலைக்கு எடுக்கும் முறைகளைப் பற்றி 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அந்த வேலையிலேயே ஒரு துண்டைச் செய்யவைத்துப் பார்ப்பது, ஆள் பிறகு எப்படி வேலை செய்வார் என்று கணிப்பதில் முன்வரிசையில் நின்றது. 2022இல் சக்கெட் என்ற இன்னோர் உளவியலாளரும் அவருடைய குழுவும் அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்கிற நேர்முகம் முதலிடத்துக்கு வந்தது. செய்முறைச் சோதனை கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் இத்தனை வருட அனுபவம் என்று பயோடேட்டாவில் எழுதுகிற வரியைவிட அது இன்னும் எவ்வளவோ மேலே இருக்கிறது. உங்களைப் போல அனுபவம் இல்லாமல் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. கொழும்பில் தெரிந்த மாமாவோ பெரிய பள்ளிக்கூடத்தின் பெயரோ இல்லாதவர் தன் கையைக் காட்டக் கிடைக்கிற இடம் அந்தத் தொண்ணூறு நிமிடம்தான். எனக்கும் அதுதான் வாசலைத் திறந்தது.

உடனே திறந்துவிடவில்லை. என் முதல் சோதனை கோட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். வேலையை விளக்கியவர் சிங்களத்தில் கடகடவென்று சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. கேட்டால் சிங்களம் தெரியாது என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் தலையை ஆட்டிவிட்டேன். அவர் கேட்டது மார்ச் மாதத்துக்கு மட்டும். நான் வருடம் முழுவதுக்கும் செய்யத் தொடங்கி ஜூனோடு நேரம் முடிந்தது. திரும்பி வெள்ளவத்தை போர்டிங்குக்கு 101 பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. அதனால் இதைப் பிடிவாதமாகச் சொல்கிறேன்: விளங்காவிட்டால் கேளுங்கள். "ஆயெத் சரயக் கியன்ன புளுவன்த" என்றால் இன்னொருமுறை சொல்ல முடியுமா என்று அர்த்தம். அந்த ஒரு வசனம் போதும், அல்லது ஆங்கிலத்திலே கேளுங்கள். கேட்டுவிட்டு, விளங்கியதை நீங்களே ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள்: மார்ச் மாதம் மட்டும், இந்தக் கோப்பிலேயே, பதினொரு மணிக்குள், சரிதானே? மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன், அப்படிக் கேட்கிறவருக்கு நான் மனதுக்குள் ஒரு புள்ளி கூடவே போட்டுவிடுவேன். எங்கள் தமிழ்ப் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக, கேட்கக் கூச்சப்பட்டே நிறைய வேலைகளை இழக்கிறார்கள். எனக்கு இதில் தாங்க முடியாத வருத்தம்.

அடுத்த வாரத்துக்கு முன் அந்தக் கொள்ளுப்பிட்டி இடத்துக்கு ஒரு ஃபோன் எடுங்கள். செய்முறைச் சோதனை இருக்கிறதா, எவ்வளவு நேரம், கம்ப்யூட்டரிலா பேப்பரிலா, எந்த மொழியில், கல்குலேட்டர் கொண்டுவரலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. தமிழில் டைப் பண்ணவும் வேண்டும் என்றால் பாமினி எழுத்துருவா யூனிகோடா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் விரல் போகிற இடம் வேறாக இருக்கலாம்.

அப்புறம், இரவு பஸ் ஏறி விடியக்காலை இறங்கி நேரே சோதனைக்குப் போக வேண்டாம். போன முறை அப்படித்தான் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழெட்டு மணித்தியாலம் குலுங்கி வந்த கண்ணுக்கு 48,200உம் 42,800உம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு நாள் முந்தி வந்து வெள்ளவத்தையில் இருக்கிற உங்கள் சின்னம்மா வீட்டில் தங்குங்கள். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குக் கரையோர ரயிலில் இடையில் பம்பலப்பிட்டி ஒன்றுதான். காலையில் காலி வீதி நெரிசலில் பஸ்ஸை நம்புவதைவிட ரயில் எவ்வளவோ நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். சோதனை என்ற பெயரில் ஓசியில் வேலை வாங்குகிற இடங்களும் இருக்கின்றன. 2008இல் ஓர் அலுவலகத்தில் என்னை மூன்று நாள் வரச் சொன்னார்கள். மூன்று நாளும் பெட்டி பெட்டியாக உண்மையான பற்றுச்சீட்டுகளைக் கணினியில் ஏற்றினேன். மதியச் சாப்பாடுகூட என் காசில்தான். நாலாம் நாள் தொலைபேசியை எடுக்கவே இல்லை. வருட முடிவு வேலையை அப்படி ஆள் மாற்றி ஆள் வைத்து முடித்திருக்கிறார்கள் என்று பிறகு விளங்கியது. எப்படி அடையாளம் காண்பது? ஒழுங்கான சோதனை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அரிதாகத்தான் போகும். தரவு கற்பனையாக இருக்கும். எல்லோருக்கும் ஒரே தாள் இருக்கும். உண்மையான வாடிக்கையாளரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உங்கள் முன்னால் கிடந்தால், முடிகிற நேரம் யாரும் சொல்லாவிட்டால், நாளைக்கும் வாருங்கள் என்றால், "இந்த நாட்களுக்குக் கொடுப்பனவு உண்டா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சோதனைக்குக் காசு கட்டச் சொன்னாலோ, மூலச் சான்றிதழ்களை வைத்துவிட்டுப் போகச் சொன்னாலோ யோசிக்கவே வேண்டாம். நீங்கள் போய் வந்த இடத்தைப் பற்றி எழுதியதில் இப்படி எதுவும் இல்லை. 90 நிமிடம், மூன்று வேலை என்பது ஒழுங்கான தாள்தான். சொல்லாமல் வைத்தது ஒன்றே அவர்கள் பிழை.

அந்த இடத்தை இன்னும் கைவிட வேண்டாம். எட்டு நாள் கொழும்பு அலுவலகங்களுக்குப் பெரிய காலமில்லை, அதிலும் மாத முடிவு இடையில் வந்திருக்கிறது. கணக்குப் பிரிவில் அந்த நாட்களில் யாருக்கும் தலை நிமிர நேரம் இராது. நாளைக்குக் காலையில் சின்னதாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வாய்ப்புக்கு நன்றி, இணக்கக் கூற்றில் 5,400 வித்தியாசத்தைத் தேடியதில் எக்செல் பகுதிக்கு நேரம் போதவில்லை, தேவையென்றால் அதை வந்து செய்து காட்டத் தயார் என்று எழுதினால் போதும். கெஞ்ச வேண்டாம், வீட்டுக் கஷ்டத்தை விவரிக்கவும் வேண்டாம். அப்படி ஒரு மின்னஞ்சல் எனக்கு வந்தால் அந்தத் தாளை எடுத்து இன்னொருமுறை பார்ப்பேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை படித்த புத்தகத்திலிருந்து ஒரு வங்கிக் கூற்றையும் காசேட்டையும் எடுத்து, ஃபோனில் நேரம் வைத்து 40 நிமிடம் செய்து பாருங்கள். மிச்ச 50 நிமிடத்தை எக்செலுக்கும் சம்பளத்துக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். இடித்தால் தொகையை எழுதி அனுப்புங்கள், எங்கே தேடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.